கணவாய் நூடுல்ஸ் கடையை மூடினோம்

சாப்பாட்டுக் கடை என்பது, தன் சமையலைத் தானே மெச்சிக்கொள்கிறவன் ஊர் முன்னால் உட்கார்ந்து மொத்து வாங்குகிற தொழில். சொந்தக் கடை வைத்து, கல்லாவில் உட்கார்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

கப்பலில் சமையல்காரனாகப் பல வருஷம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன் நான். உலகத்து ருசியையெல்லாம் ஒரத்தநாட்டுக்குக் காட்டியே தீருவது என்று கடை திறந்தேன். காட்டச் சொல்லி ஒரத்தநாடு கேட்கவில்லை என்பது அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

குழைந்த சோறு

முதல் வாரம் ஒரு பெரியவர் வந்தார். நாற்று நடவு முடித்த கையோடு வந்திருந்தார். வேட்டி ஓரத்தில் சேறு காயவில்லை. "சோறு இருக்கா?" என்று கேட்டார். கிடைத்தது ஆள் என்று ரிசோட்டோ கொண்டுபோய் வைத்தேன். அரிசியை வெண்ணெயும் சீஸும் போட்டுக் கிளறிக்கொண்டே வேகவைக்கிற இத்தாலிப் பண்டம் அது. "நம்ம ஊரு அரிசிதாங்க, பக்குவம் மட்டும் இத்தாலி" என்று விளக்கமும் சொன்னேன்.

ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நெஞ்சு நிறைந்து பக்கத்தில் போய் நின்றேன். கை கழுவிக்கொண்டு வந்தவர் என்னை மேலும் கீழும் கவலையாகப் பார்த்தார்.

"ஒடம்பு சரியில்லன்னாதான் எங்க வீட்ல இப்படிக் கொழைய வடிப்பாங்க. ஒங்களுக்கு என்ன தம்பி செய்யுது?"

கறுத்த பல்

தரங்கம்பாடியிலிருந்து கணவாய் மீன் வரவழைத்து, அது கக்குகிற கறுப்பு மையில் நூடுல்ஸ் செய்தேன். தட்டு பார்க்கத் தார் ரோடு மாதிரி இருக்கும். ருசி நன்றாகவே இருக்கும், நம்புங்கள். ஒருநாள் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வந்தன. பெண்ணும் பையனும் வெளியிடத்தில் பார்த்துப் பேசட்டும் என்று ஏற்பாடாம். எங்கள் கடையின் சிறப்பு என்று சப்ளையர் முருகையன் அண்ணன் அதையே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த மேஜையில் அத்தனை பேருக்கும் பல் கறுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னை முறைத்தார். ஒரு சம்பந்தத்தையே கெடுத்தோமே என்று அடுப்படியில் போய் ஒளிந்துகொண்டேன். அடுத்த மாதம் அந்தப் பெண்ணே பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாள்.

"பல்லு கறுத்தப்புறந்தாங்க அவரு சிரிச்சாரு, பேசினாரு. கல்யாணத்துக்கு அவசியம் வாங்க. சமையலுக்கு வேற ஆள் சொல்லியாச்சு."

என் கண்டுபிடிப்பு

வயல் நண்டைத் தட்டி, எலுமிச்சைப் புல் போட்டு ஒரு சூப் வைத்தேன். வாசல் போர்டில் 'எங்கள் கண்டுபிடிப்பு' என்று எழுதிப் போட்டேன். ஒரு மத்தியானம் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரம்மா ஒருவர், ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்து அதைக் கேட்டார். இரண்டு வாய் குடித்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

மிளகு தூக்கலாகிவிட்டது என்று நினைத்து மோரோடு ஓடினேன். அவர் மோரை நகர்த்தி வைத்தார். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பில்தான் ஏதோ கோளாறு, போர்டை அழித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"வேற கொழம்புக்கு வழியில்லாதப்ப எங்கம்மா வைக்கிற ரசங்க இது. பள்ளிக்கூடத்துல யார்ட்டயும் சொல்லிடாதன்னு சொல்லித்தான் ஊத்துவாங்க. நீங்க வாசல்லயே எழுதி வச்சிருக்கீங்க. எம் பொண்ணுக்கும் ஒரு கிண்ணம் குடுங்க."

பூட்டு

அப்படி வருகிறவர்கள் தினமும் வருவதில்லை. மீந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் நாங்களே சாப்பிட்டோம். என் மனைவி செல்வி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு ஒரு ரசஞ்சோறு சாப்பிடணும் போல இருக்குங்க."

மறுநாள் காலையிலேயே, ஞாயிற்றுக்கிழமையோடு கடை மூடப்படும் என்று எழுதி ஒட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. கால்நடைக் கல்லூரிப் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்களுக்கு ரொம்பப் பிடித்த கடையாயிற்றே என்று ஒரு வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். "வரணும் வரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தோங்க" என்றார். தட்டு எடுத்துத் தட்டு வைத்துக் களைத்துப்போன முருகையன் அண்ணன், கூட்டத்தைப் பார்த்தபடியே என் காதருகே குனிந்தார்.

"மொதலாளி, மாசம் ஒரு தடவ இப்படி மூடுனீங்கன்னா கடை நல்லா ஓடும்."

இப்போது தஞ்சாவூரில் இன்னொருவர் கடையில் சாம்பார் வைக்கிறேன். பிரமாதம் என்கிறார்கள் எல்லோரும், அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.