ஆசிரியர் பெயர் இல்லாத முதல் பதிவு

ஆசிரியர் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. ஆண்டு, இதழ், பக்கம் எதிலும் ஒன்றுமில்லை. தலைப்பு என்ற கட்டத்தில் மட்டும் அனுசூயா ஒற்றை விரலால் '2' என்று அடிக்கிறார், என்டரைத் தட்டுகிறார், எழுந்து நாற்காலியை மாணவனுக்கு விடுகிறார். "ம், இனிமே நீ போடுப்பா. நல்லபடியா முடியும்."

ஆங்கில விசைப்பலகையில் உ இல்லை. மளிகைச் சாமான் பட்டியலைக்கூடப் பிள்ளையார் சுழி போடாமல் எழுதிப் பழகாதவர் அவர். இருக்கிற விசைகளில் சுழிக்கு நெருங்கிய சொந்தம் இந்த 2தான். "பழைய தமிழ் எண்ல ரெண்டுன்னா அதே சுழிதானே, என்ன தப்பு?" என்பார். இப்படி அவர் கையால் தொடங்கிவைத்த மேற்கோள் கோப்புகள் இதற்கு முன் பதினொன்று. பத்தின் சொந்தக்காரர்கள் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு கால்கரி முதல் சிங்கப்பூர்வரை வேலை பார்க்கிறார்கள். பதினொன்றாவது ஆய்வேடு தேர்வாளரிடம் இருக்கிறது.

மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸில் இரட்டை வீடொன்றின் மாடிப் பகுதியில் அவர் குடியிருப்பு. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் உணவு ஆலோசகர் வேலை. சனிக்கிழமை மதியமானால் தொலைபேசி அவருடையது. மொன்றியலில் ஆய்வு செய்கிற தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது அந்த எண் தெரியும். படித்த கட்டுரைகளை எல்லாம் கணினியில் பதிந்து வைத்து, கேட்டபோது துணைநூற்பட்டியலாக வரிசைப்படுத்தித் தருகிற நிரல்கள் வந்துவிட்டன அல்லவா? எதை வாங்குவது என்று கடையில் கேட்டால் இருப்பதை விற்பார்கள். அனுசூயா ஆன்ட்டியைக் கேட்டால் ஜாதகம் பார்ப்பார்.

உவமைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு தாள் வைத்திருக்கிறார். மேலே 'பொருத்தம்' என்று எழுதி, கீழே பத்துக் கட்டம். ஓரத்தில் மூன்று வரிசை: நீலப்பெட்டி, பச்சைப்பெட்டி, கறுப்புத்திரை. நிரல்களின் பெயர்கள் அவர் வாயில் வராது. பெட்டியின் நிறந்தான் பெயர். கறுப்புத்திரைக்குப் பெட்டியே இல்லை, யாரோ நகலெடுத்துக் கொடுத்தது. பிரெஞ்சுக் கொம்பு வைத்த எழுத்து வருகிற இடமெல்லாம் அதில் கிரேக்க எழுத்து ஒன்று வந்து குந்திக்கொள்ளும். "கியூபெக்ல இருந்துண்டு பிரெஞ்சு தெரியாத மாப்பிள்ளை எதுக்கு?" என்று அதற்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்.

கேள்விகள் தொலைபேசியிலேயே தொடங்கிவிடும். "எத்தனை ரெஃபரன்ஸ் வெச்சிருக்கே? அறுபதா? அறுபதுக்கு எதுக்குப்பா சாஃப்ட்வேர், கையால எழுது." இன்னொருவனிடம்: "கைடு மெக்கின்டோஷ், நீ விண்டோஸ். ரஜ்ஜு தட்டுதுப்பா. மத்த ஒன்பதும் பொருந்தினாலும் பிரயோஜனமில்ல." காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எழுத அல்ல, விசைகளின் இடுக்கில் விழுந்த துகளை நெம்ப. டேனிஷ் பிஸ்கட் டின் நிறைய, நிரல்களின் மாதிரி அடங்கிய பிளாப்பித் தட்டுகள். ஒவ்வொன்றையும் உள்ளே விடுமுன் சூடான காப்பியை ஊதுவதுபோல் ஊதுவார். ஊதக் கூடாது என்று கணினித் துறை மாணவன் ஒருவன் சொல்லிப் பார்த்தான். "நாலு வருஷமா ஊதறேன், ஒண்ணும் கெடலையே" என்று அடுத்ததையும் ஊதினார்.

அவருக்கும் ஓர் ஆய்வேடு இருக்கிறது. தெற்காசியக் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகை பற்றியது. பகுதி நேரமாகச் சேர்ந்து ஒன்பதாவது வருடம் நடக்கிறது. ஐந்து இயல்களும் எழுதியாயிற்று. ஆனால் மேற்கோள் வர வேண்டிய இடத்தில் எல்லாம் பெயருக்குப் பதிலாக 'அட்டை 118', 'அட்டை 306' என்றுதான் இருக்கிறது. படித்த கட்டுரைகளின் விவரம் குறித்த அட்டைகள் நானூற்றுப் பன்னிரண்டும் பனிக்கால பூட்ஸ் வந்த பெட்டியில் அடுக்காக நிற்கின்றன. நல்ல நிரல் ஒன்றைத் தேர்ந்து அட்டைகளை அதில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. அந்தத் தேர்வுதான் நாலு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. இப்போது மூன்று வரிசைக்கும் கூட்டினால் ஏழு, ஏழு, ஏழு. எதற்காவது எட்டு வருவதுபோல் தெரிந்தால் ஏதாவது ஒரு கட்டத்தை அழித்து மறுபடி போடுகிறார்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்தின் கீழ், பல்கலைக்கழகத்தின் கடிதம் தொங்குகிறது. 1996 ஆகஸ்ட் 31க்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. இனி நீட்டிப்பு இல்லை. கணவர் ஜம்புநாதன் காகித ஆலை ஆராய்ச்சிக்கூடத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தை ஒருமுறை படிப்பார்.

"அனு, பால்ல ஜூலை அஞ்சுன்னு போட்டிருக்கு. உன்னோடதுல ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. எது முதல்ல கெடுதுன்னு பார்ப்போம்."

"பச்சைப்பெட்டியில புது வெர்ஷன் வருதாம். அதையும் ஒரு தடவை பார்த்துட்டு ஆரம்பிச்சுடறேன்."

"போன வருஷம் நீலப்பெட்டியில வந்தது."

"அது சரியா வரலைங்க. தாள்ல எழுதியிருக்கேனே."

தாளை எடுத்து நீட்டினால் அவர் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவார். யாருமே அப்படித்தான். பத்துக் கட்டத்தையும் விளக்கத் தொடங்கினால், ஆய்வேடு என்னாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை, தெரு முழுக்க வீடு மாறுகிறவர்களின் ட்ரக்குகளும் மெத்தைகளும் நின்றிருந்த மதியத்தில், டனிஸ்ரன் படியேறி வந்தான். பதினொன்றாவது கோப்பின் சொந்தக்காரன். இலங்கையின் மன்னார்ப் பையன், இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சாலையில் தூவுகிற உப்பு பாலத்துக் கான்கிரீட்டை எப்படி அரிக்கிறது என்று ஆய்வு. இரண்டு வருடம் முன்பு அவனுக்குப் பச்சைப்பெட்டி பொருந்தியது. நகரின் வடக்கே உள்ள வில்லரேயிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வந்திருந்தான். கையில் ஒரு உறை.

"அன்ரி, என்ர தீசிஸ் திரும்பி வந்திட்டுது."

"ஐயோ, என்னப்பா! ஃபெயிலா?"

"இல்லை இல்லை, பாஸ். சின்னத் திருத்தம் ஏழு கிடக்கு. ஆறு நான் செய்திட்டன். ஏழாவது உங்கட."

உறையிலிருந்த தேர்வாளர் அறிக்கை பிரெஞ்சில் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொன்னான். "'துணைநூற்பட்டியலில முதலாவது பதிவு முழுமையில்லை. தலைப்பு 2 எண்டு மட்டும் கிடக்குது. ஆசிரியர் ஆர்? எந்த ஆண்டு? ஆய்வாளர் இந்த மூலத்தை உண்மையாய் வாசிச்சவரோ?'" தாளை மடித்தான். "உதென்ன அன்ரி, 2? நான் வைரஸ் எண்டெல்லோ நினைச்சன்."

அனுசூயா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "தீசிஸ்ல மேற்கோள் காட்டினது மட்டும்தானே லிஸ்ட்ல வரும்? இது எப்படி வந்தது?"

"கடைசி நாள் அன்ரி. நேரமில்லை. கோப்பில கிடந்ததை மொத்தமாய் பிரிண்ட் அடிச்சுப்போட்டன்."

மொத்தமாக அச்சடித்தால், ஆசிரியர் பெயர் இல்லாதது பட்டியலின் தலையில் போய் உட்காரும். சுழி இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

"அது பிள்ளையார் சுழிப்பா."

"பிள்ளையாரோ?" டனிஸ்ரன் எழுந்தே விட்டான். "நான் வேதக்காரன் அன்ரி! அம்மா ஒரு கொப்பியை பைண்ட் பண்ணி எங்கட சேர்ச் பாதருக்குக் குடுக்கச் சொல்லி நிக்கிறா."

சோபாவிலிருந்து ஜம்புநாதனின் குரல் வந்தது. "பதில் எழுதிக்கோப்பா. ஆசிரியர் விநாயகர். வெளியிட்ட இடம் அரசமரத்தடி. ஆண்டு தெரியவில்லை. ஆய்வாளர் வாசிக்கவில்லை, தோப்புக்கரணம் வேண்டுமானால் போடுவார்."

டனிஸ்ரன் சிரித்துவிட்டான். அனுசூயா சிரிக்கவில்லை. மற்றப் பத்துப் பேரின் ஆய்வேட்டிலும் இருக்குமோ என்ற நினைவு வந்து, எழுந்து தொலைபேசிக்குப் போனார். ஒட்டாவாவில் இருப்பவர் பட்டியலைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். டொரண்டோக்காரரும் இல்லை என்றார். கால்கரிக்காரர் அலமாரியிலிருந்து ஆய்வேட்டை எடுத்துப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆன்ட்டி, இருக்கு. நூத்தி எண்பதாம் பக்கம், முதல் வரி. நாலு பேர் படிச்சுக் கையெழுத்துப் போட்டாங்களே, ஒருத்தர்கூடப் பார்க்கலையே!" என்று அவர் மகிழ்ச்சியாகக் கத்தியது கூடத்துவரை கேட்டது.

இதற்குள் டனிஸ்ரன் கணினி முன் உட்கார்ந்திருந்தான். ஆன்ட்டி தன்னுடைய கோப்பில் அந்த 2 வெளியே தெரியாமல் எப்படி வைத்திருப்பார் என்று பார்க்கலாம் என்பது அவன் எண்ணம். பச்சைப்பெட்டியைத் திறந்தான். அனுசூயாவின் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. திரையின் அடியில், பதிவுகளின் எண்ணிக்கை: 0. மூடிவிட்டு நீலப்பெட்டியைத் திறந்தான். அங்கும் 0. கறுப்புத்திரையிலும் 0. மறுபடியும் பச்சைப்பெட்டிக்கு வந்தான்.

அனுசூயா தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அன்ரி, இது சும்மா பாக்கிறதுக்கு வச்ச கோப்போ? உங்கட உண்மையானது எங்கை கிடக்கு?"

"அதுதான்."

"ஒண்டுமில்லையே. பிள்ளையாரும் இல்லை."

கூடத்தில் செய்தித்தாள் கொஞ்சம் கீழே இறங்கியது.

"போட்டா ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும்ப்பா," என்றார் அனுசூயா. புடவைத் தலைப்பால் மானிட்டரின் மேல்விளிம்பைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை. "ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. முடிச்சாகணும். முடிச்சா, அதைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னாடி வைக்கணும். ஒன்பது வருஷமா பண்ணினது இவ்வளவுதானான்னு கேட்டா?"

டனிஸ்ரன் உறையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான்.

"எனக்கு மட்டும் கேக்காமலே போட்டுத் தந்தனீங்கள்," என்றான்.

செய்தித்தாள் மேலே ஏறிக்கொண்டது.

பதில் கடிதத்தை மூவருமாக எழுதினார்கள். பிரெஞ்சு டனிஸ்ரனுடையது. 'தவறுதலாகச் சேர்ந்த பதிவு, நீக்கப்பட்டது' என்று அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியபோது அனுசூயா குறுக்கிட்டார். "தவறுன்னு போடாதேப்பா. நீக்கப்பட்டதுன்னா போதும்." அவன் அந்தச் சொல்லை அடித்தான். படியிறங்கும்போது நின்று, "பேந்து வாறன் அன்ரி. பாதரின்ர கொப்பியிலயிருந்துதான் அந்த 2ஐ எடுக்கிறன். உங்களுக்குத் தாற கொப்பியில அது கிடக்கட்டும்" என்றான். கீழே யாரோ இறக்கிவைத்திருந்த அடுப்பைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

அனுசூயா மேசைக்குத் திரும்பினார். டனிஸ்ரன் மூடாமல் விட்டுப்போன பச்சைப்பெட்டி திரையில் அப்படியே இருந்தது. புது வெர்ஷன் இன்னும் வரவில்லை. ஏழுக்கு மேல் அதற்கு எதுவும் கூடவும் இல்லை. கட்டிலுக்கடியிலிருந்து பூட்ஸ் பெட்டியை இழுத்து மேசைமேல் வைத்தார். சோபாவில் செய்தித்தாள் மடங்கியது.

புதிய பதிவைத் திறந்தார். தலைப்பில் '2' அடித்தார். சுட்டுவிரல் என்டர் விசைமேல் சற்று நேரம் இருந்தது. பிறகு தட்டினார். திரையின் அடியில் பூஜ்யம் ஒன்றானது.

முதல் அட்டை 1987இல் எழுதியது. மை பழுப்பேறி, ஓரத்தில் மஞ்சள் கறை. மூன்று ஆசிரியர்கள். பெயர், ஆண்டு, இதழ், பக்கம் என்று பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துப் பதிந்தார். ஏற்றிய அட்டையை வைக்க மேசையில் இடம் தேடினார். கையெட்டும் தூரத்தில் பொருத்தம் பார்த்த தாள் விரிந்து கிடந்தது. அட்டையை அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து அடுத்ததை உருவினார்.