பெடலில் ஒரு சிவப்புக் கோடு

போன ஞாயிறு ஏழரை மணிப் பூசை முடிந்து, வீட்டுக்கு வந்து இட்லியில் கை வைக்கும் நேரம். காலிங் பெல். வாசலில் ரெஜினா. கையில் ஒரு துணிப்பை.

உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து கனமான ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். தட்டு அதிர்ந்தது.

பேஸ் டிரம் பெடல். டிரம் செட்டில் தரையோடு படுத்திருக்குமே பெரிய டிரம், அதைக் காலால் அடிக்கிற கருவி. மிதிபலகையை மிதித்தால் செயின் இழுக்கும். கம்பி முனையில் இருக்கும் கம்பளி உருண்டை போய் டிரம்மில் மோதும். பக்கத்தில் இருக்கிற ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

பெடலுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தையும் வைத்தார். செய்தித்தாளின் சனிக்கிழமை இணைப்பிலிருந்து வெட்டியது. முந்தின நாள் வெளியான என்னுடைய இதே பத்தி.

"அங்கிள், இந்த ஸ்பிரிங் நட்டுமேல சிவப்பா ஒரு கோடு இருக்குதே... இது யார் போட்டது?"

சட்னிக் கிண்ணத்தோடு சமையலறையிலிருந்து வந்த என் மனைவி குனிந்து பார்த்தாள்.

"என் நெயில் பாலிஷாச்சே இது. இவரத் தவிர வேற யாரு போடுவாங்க?"

நாற்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவள் எனக்கு எதிராகச் சொன்ன முதல் சாட்சி. என்ன வழக்கு என்றே தெரியாமல் சொன்ன சாட்சி.

போன வாரம் நான் என்ன எழுதினேன், நினைவிருக்கிறதா? எங்கள் வாஷிங் மெஷினைப் பிரித்துக் கெடுத்துவிட்டு, 'நான் அந்தப் பக்கம் கையே வைக்கல சார்' என்று சாதித்த மெக்கானிக்கைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தேன். தப்பு செய்வது மனித இயல்பு, அதை மறைப்பது அயோக்கியத்தனம் என்று முடித்திருந்தேன். வாட்ஸ்அப்பில் கை தட்டினீர்கள். நன்றி.

அந்த வார்த்தையை இந்த வாரம் எனக்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் கோடு. முப்பத்தைந்து வருஷம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தவன் நான். அங்கே ஒரு நட்டை முறுக்கி முடித்ததும், நட்டையும் போல்ட்டையும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்போம். பிறகு எப்போது போய்ப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. கோடு உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ரிடையர் ஆகியும் பழக்கம் போகவில்லை. பெயின்ட்டுக்குப் பதில் மனைவியின் நெயில் பாலிஷ். எங்கள் பங்குக் கோவிலில், அதாவது எங்கள் வட்டாரத்துச் சர்ச்சில், மைக் ஸ்டாண்டு, ஃபேன், ஜெனரேட்டர்... எங்கே பார்த்தாலும் என் சிவப்புக் கோடு இருக்கும். இன்ஸ்பெக்டர் கையெழுத்து என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல்தான். ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

ரெஜினா யார்? விவேக் நகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர். எங்களைப் போலவே தங்கவயலிலிருந்து வந்த குடும்பம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினாறு வருஷமாகக் கோவில் பாடகர் குழுவில் டிரம் வாசித்தவர். டிரம் செட் கோவிலுடையது, பெடல் மட்டும் அவர் சொந்தக் காசில் வாங்கியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கணுக்கால் நொறுங்கியது. உள்ளே தகடு, திருகாணி. அதற்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார்.

அவர் சாய்ந்து நடப்பது எனக்குத் தெரியும். டிரம் அடிக்கிற காலும் அதே கால்தான் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், கோவில் திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம். மைக் ஒயர் பார்க்கப் போனேன். கோவிலில் யாரும் இல்லை. டிரம் செட் பக்கம் கண் போனது. பெடலைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல். ஸ்பிரிங் நட்டு கழன்று விழுகிற மாதிரி லூசாக இருந்தது. உருண்டை டிரம்முக்கு மூன்று விரற்கடை தூரத்தில், கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றது. குதிகால் வைக்கிற இடத்திலோ நீல நிற ரப்பர் செருப்பின் துண்டு ஒன்று, டேப் போட்டு ஒட்டியிருந்தது.

என்ன அலட்சியம் என்று நினைத்தேன்.

என் பொருளா அது? இல்லை. யாராவது என்னைக் கூப்பிட்டார்களா? இல்லை. சட்டைப் பையில் போன் இருந்தது, அதில் ரெஜினாவின் நம்பரும் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டேனா?

அந்தப் போனைத்தான் எடுத்தேன். பெடலை எப்படி செட் செய்வது என்று இன்டர்நெட்டில் தேடுவதற்காக! யாரோ ஒருவர் சொன்ன அளவுப்படி ஸ்பிரிங்கை விறைப்பாக முறுக்கினேன். உருண்டையை நன்றாகப் பின்னால் தள்ளினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். செருப்புத் துண்டைப் பிய்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். என் காலை வைத்து இரண்டு மிதி மிதித்துப் பார்த்தேன். ஆஹா... என்ன அடி, என்ன அதிர்வு. சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் திருவிழாப் பூசை. கோவில் கொள்ளாத கூட்டம். அவசர அவசரமாக டியூட்டி முடித்து வந்த ரெஜினா, பெடலைச் சோதிக்க நேரமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்பியிருப்பார். யார்தான் நம்ப மாட்டார்கள்?

வருகைப் பாடல் எப்படியோ ஓடியது. அடுத்து வந்த உன்னத கீதத்தில் அவர் இடுப்பிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி மிதித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. காணிக்கைப் பாடலில் அடி தப்பியது. ஆண்கள் ஒரு பக்கம் போனார்கள், பெண்கள் ஒரு பக்கம் போனார்கள். கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்தும் ஆரோக்கியசாமி திரும்பி முறைத்தார். எல்லோரும் நற்கருணை வாங்கப் போகும்போது பாடுகிற நன்மைப் பாடலில் ரெஜினா காலைப் பெடலிலிருந்து எடுத்தேவிட்டார். கையால் மட்டும் சமாளித்தார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்களா? உன்னத கீதத்திலேயே தெரிந்துவிட்டது. மெஷின் எங்கே மக்கர் செய்கிறது என்று பார்த்தே முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கியவன் ஐயா நான். எனக்குத் தெரியாதா?

பூசை முடிந்ததும் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. திருவிழா பிரியாணி சாப்பிடப் போனேன்.

இதோடு நின்றிருந்தால்கூட இதை முட்டாள்தனம் என்று எழுதி முடித்திருப்பேன். நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, இதே இடத்தில், தாளம் தப்பிய ஒரு திருவிழாவைப் பற்றி எழுதினேன். பயிற்சி இல்லாமல் மேடை ஏறுவது பற்றி. உடம்பு ஒத்துழைக்காதபோது விலகிக்கொள்வதும் ஒரு சேவைதான் என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன்.

பெயர் போடவில்லை. போட வேண்டுமா என்ன? எங்கள் பங்கில் டிரம் வாசிக்கிற பெண் ஒருவர்தான்.

ஏன் எழுதினேன்? யாராவது பெடலைப் பார்த்து, கோட்டைப் பார்த்து, என் பெயரைச் சொல்வதற்குள் பழியை வேறொரு காலில் கட்டிவிட வேண்டும். இதைவிட நாகரிகமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அந்தப் பக்கத்தை யாரோ ஜெராக்ஸ் எடுத்துக் கோவில் நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார்கள். அடுத்த வாரம், கோவில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையில் ரெஜினாவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். அவருக்குப் பதில் யார்? கீபோர்டில் ஒரு பட்டன். அழுத்தினால் தாளம் தானாக வரும். அது யாருக்காகவும் நிற்காது. பின் வரிசையில் இழுத்து இழுத்துப் பாடுகிறவர்களுக்காக ரெஜினா அரை மூச்சு காத்திருப்பார். பட்டன் காத்திருக்காது. இப்போது பின் வரிசை பாடுவதே இல்லை.

சரி, மேஜைக்கு வருகிறேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே பெடலக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டேன் அங்கிள்," என்றார் ரெஜினா. குரலை உயர்த்தவில்லை. "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு சும்னே இருந்தேன். நீங்க வரல. உங்க பேப்பர்தான் வந்துச்சு. அப்பவும் சும்னே இருந்தேன். நேத்து அந்த மெக்கானிக்கப் பத்திப் படிச்சேன் பாருங்க... அதுக்கப்புறம் முடியல."

என் கை என்ன செய்தது தெரியுமா? தானாகப் பெடல் பக்கம் நீண்டது. இப்போதே பழையபடி ஆக்கித் தருகிறேன் என்றேன்.

"தொடாதீங்க," என்றார். பெடலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆரோக்கியசாமியிடம் தனியாகப் பேசிச் சரி செய்துவிடுகிறேன் என்று இறங்கி வந்தேன்.

"தனியா எதுக்கு அங்கிள்? பேப்பர்ல எழுதினது தனியாவா எழுதினீங்க?"

பேப்பரிலேயே எழுதுகிறேன் என்றேன். இட்லி ஆறிப் போயிருந்தது. என் மனைவி சட்னிக் கிண்ணத்தை வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ரெஜினா சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அவர் முதலில் ஸ்டூலில் உட்காருவாராம். கால் இயல்பாக எங்கே விழுகிறதோ, அந்த இடத்துக்குப் பெடலைக் கொண்டு வருவாராம். கடைசியாகத்தான் டிரம்மை நகர்த்தி அதோடு மாட்டுவாராம். ஸ்பிரிங் லூசாக இருந்தது, விறைப்பான ஸ்பிரிங்கை எதிர்த்து மிதிக்க அந்தக் கணுக்காலால் முடியாது என்பதால். உருண்டை கிட்டே இருந்தது, பாதம் கொஞ்சம்தான் அசையும் என்பதால். பாதம் முழுசாக மேலே மடங்காது, அதனால் குதிகாலை உயர்த்த அந்தச் செருப்புத் துண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இந்த அளவைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனதாம். நாலு செருப்பை வெட்டிப் பார்த்து, ஐந்தாவதுதான் சரியாக வந்ததாம்.

ஐந்து மாத வேலை. நான் பதினைந்து நிமிஷத்தில் 'சரி' செய்தேன்.

அந்தத் துண்டு எங்கே என்று கேட்டார். குப்பையில் போட்டதைச் சொன்னேன். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. அதுவரை இல்லை.

என் மனைவி வாசலுக்குப் போய், என் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாம்மா, வெட்டிக்கோ. ஊரத் திருத்தப் போட்டுட்டுப் போற செருப்பு."

ரெஜினா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இது ரொம்பக் கெட்டி ஆன்ட்டி."

மனைவி காலில் போட்டிருந்த வீட்டுச் செருப்பில் இடதைக் கழற்றிக் கொடுத்தாள். ரெஜினா அதையும் அழுத்தினார், மடித்தார், பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்ப டிரம் வாசிக்க வருவாயா என்று மனைவி கேட்டாள்.

"பிரிண்ட் ஆகட்டும் ஆன்ட்டி. படிச்சிட்டுப் பாக்கலாம்."

உன் பெயரைப் போடலாமா என்று நான் கேட்டேன்.

"அன்னைக்குப் போடாமலே எல்லாருக்கும் தெரிஞ்சுது. இன்னைக்குப் போடுங்க."

போட்டுவிட்டேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, பாடகர் குழுப் பயிற்சிக்குப் போய் எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. ஆரோக்கியசாமி எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "விடுங்க சார். வேணும்னேவா செஞ்சீங்க? பெரியவங்க, நல்லதுக்குத்தான செஞ்சிருப்பீங்க," என்றார். ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னை மன்னிக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். ரெஜினாவை நீக்கவும் ஒரு நிமிஷம்தான் ஆனது. என்னம்மா ஆச்சு உன் காலுக்கு, பெடலுக்கு என்ன ஆச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் செய்த தப்புக்குப் 'பெரியவர்' என்று ஒரு மெத்தை. அவர் செய்யாத தப்புக்கு நோட்டீஸ் போர்டு.

டீயைக் குடிக்காமல் எழுந்தேன். போர்டில் அந்த ஜெராக்ஸ் வெளுத்துப் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்தேன். இந்தப் பக்கம் வெளிவந்ததும் அதே குண்டூசியால் நானே குத்தி வைப்பேன்.

நம்மில் சிலருக்கு ஒரு வியாதி இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் சாய்ந்திருக்கும் காலண்டரை நேராக்குவோம். மருமகள் வைத்த டப்பாக்களை மாற்றி அடுக்குவோம். அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டோம். கேட்டால் நமக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே... நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் இந்த வியாதி அதிகம் என்று நினைக்கிறேன். எனக்கு முற்றிய கேஸ்.

இந்தப் பத்தி சனிக்கிழமை உங்கள் கைக்கு வரும். ஞாயிறு ஏழரை மணிப் பூசைக்கு வழக்கம்போல் இரண்டாவது வரிசையில் இருப்பேன். டிரம்முக்குப் பின்னால் அந்த ஸ்டூலில் யாராவது உட்காருவார்களா, இல்லை பட்டன்தானா என்று எனக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் தெரியும். ரெஜினா யார் பொருளையும் தேவையில்லாமல் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. என் மனைவி குழம்பு கொடுத்தனுப்பினால், மறுநாள் காலையில் டப்பா கழுவித் திரும்பி வந்துவிடும்.

இன்று புதன்கிழமை. செருப்பு இன்னும் வரவில்லை.