பாஸ்வேர்டு மறந்த அக்கா

வேங்கிக்காலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் வெகுநாள் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி ஆளுக்கொரு பாஸ்வேர்டு. மாதாமாதம் மாற்ற வேண்டும். மூன்று முறை தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும். திறந்துவிடுவது என் பொறுப்பு.

ஆரம்பத்தில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பக்கத்து மேசை அக்காவுக்கு மட்டும் பழகவில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் போய்க் கேட்பது அவரைத்தான். அப்படிப்பட்டவருக்குக் காலையில் திறந்துகொடுத்தால் மத்தியானம் மறுபடி பூட்டிக் கிடக்கும்.

"உங்க பொண்ணு பேரையே வெச்சிக்குங்கக்கா, மறக்காது" என்றேன். வைத்துக்கொண்டார்.

மறுநாள் கீபோர்டின் மேல் அவர் விரல்கள் அப்படியே நின்றன.

"அக்கா, பொண்ணு பேருதான்."

"தெரியும்மா. வரமாட்டேங்குது."

"பாஸ்வேர்டா?"

"அவ பேரு."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க."

அன்று சாயங்காலம் அடி அண்ணாமலைக்குப் போனேன். அங்கே அவர் கணவர் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த பொட்டலத்தை அப்படியே கீழே வைத்தார்.

"பஸ்ல ஏறும்போது வுழுந்தாம்மா. அதுல இருந்து தலவலி ஜாஸ்தினு சொல்லிட்டேதான் இருந்தா. நான்தான் வெயில்னு நெனச்சிட்டேன்."

மறுநாளே வேலூருக்கு அழைத்துப்போனார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள்.

தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்த நிலையில், முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி அவர் வேலைக்குத் திரும்பினார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னை ஏறிட்டே பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா பொழைச்சிருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாரு" என்றார். "ஆனா, சொல்லாதனு உன் கையப் புடிச்சிக் கேட்டேன். அந்தக் கோவம் போகலம்மா."

கொஞ்ச நாளில் அவரே மாற்றல் கேட்டு ஆரணி கிளைக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் எல்லோரிடமும் பேசினார். என்னிடம் தலையை மட்டும் அசைத்தார்.