சாமி படத்தடியில் உருட்டிய பந்து

எங்கள் லயம் தெமோதரைக்கு மேலே, மலையை வெட்டி எடுத்த தட்டில் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுதான் இடம். அங்கே விறகு அடுக்கி வைப்போம். மீரியபெத்தையில் மண் சரிந்து ஒரு லயமே மண்ணுக்குள்ளே போன பிறகு, மழை விழுந்தால் போதும், என் கண் அந்தச் சந்துக்குத்தான் போகும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யவில்லை. பதுளைப் பக்கம் வெள்ளைக்காரத் தொரைமார் கட்டிவிட்டுப் போன கிளப் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே நீளமாக ஒரு பலகைத் தளம் இருக்கிறது. ஒரு முனையில் நின்று பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கிற ஒன்பது கட்டைகளைச் சாய்க்க வேண்டும். பௌலிங் என்பார்கள். பலகைக்கு மெழுகு போடுவதும், விழுந்த கட்டையை நிமிர்த்துவதும், பந்தைத் துடைத்து வைப்பதும் நான்தான். எட்டாம் வகுப்பு படித்த எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே சாத்திரம் அந்தப் பந்துகளின் குணம்.

மெழுகு போட்ட மறுநாள் பளபளப்பான பந்தை எடுக்கக் கூடாது. பிடிமானமில்லாமல் வழுக்கிக்கொண்டு எங்கேயோ போகும். மேல்பூச்சு தேய்ந்து மழுங்கிப் போன பந்துதான் அன்றைக்குச் சொன்னபடி கேட்கும். வெயில் காலத்தில் பலகை காய்ந்து கிடக்கும்போது இதே மழுங்கல் பந்து தரையைப் பற்றிக்கொண்டு பாதியிலேயே திரும்பிவிடும். அப்போது பளபளப்பானது நல்லது. மழைக்காலத்தில் பலகை ஊறி மூட்டெல்லாம் எழும்பி நிற்கும். லேசான பந்து துள்ளும். கனத்த பந்துதான் அமுக்கிக்கொண்டு போகும்.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர் பளபளப்பான பந்தைக் கையில் எடுத்தார். "ஐயா, இன்னைக்கு அது வேணாங்க. நேத்துத்தான் மெழுகு போட்டேன்" என்றேன். "தொடைக்கிற ஆளுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார். மூன்று தடவையும் பந்து ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. நான்காம் முறை என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். மழுங்கல் பந்தைக் கொடுத்தேன்.

மண்சரிவு ஆபீஸ்காரர்கள் லயத்துக்கு வந்து, சுவர் வெடித்தாலும் கதவு இறுகினாலும் உடனே வெளியேறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் சுவரில் என் அப்பா காலத்து வெடிப்பே ஏழெட்டு இருக்கிறது. கதவு எந்த மழைக்கும் இறுகும். எதைப் பார்த்து ஓடுவது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். கிளப்பில் மேலே சில்லுப் பெயர்ந்ததென்று ஒதுக்கிய பளபளப்பான பந்து ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். காலையில் குளித்து, திருநீறு பூசி, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் விளக்கேற்றியதும், படத்துக்குக் கீழே பந்தை வைத்துக் கையை எடுப்பேன். கழுவுகிற தண்ணீர் வெளியே ஓடுவதற்காகத் தரையை வாசல் பக்கம் கொஞ்சம் தாழ்த்தித்தான் போட்டிருந்தார்கள். பந்து மெதுவாக உருண்டு வாசற்படியில் போய் நிற்கும். அப்படி நின்றால் அன்றைக்குத் தரை நேற்றுப்போல இருக்கிறது என்று அர்த்தம். கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

"சாமிக்கு முன்னால பந்து உருட்டுற மனுசன் இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி. எனக்கும் உறுத்தல்தான். குழந்தை மாதிரி விளையாடுகிறேனென்று பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொள்வேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் விடிந்ததும் பந்தை வைத்தேன். கையை எடுத்ததும் விர்ரென்று ஓடி வாசற்படியில் மோதி, படியையும் தாண்டி முன்திண்ணை இஸ்தோப்பில் விழுந்தது. வெளியே மழை. தரை சாய்ந்துவிட்டது என்று கத்திக்கொண்டு லயம் முழுக்கக் கதவைத் தட்டினேன். கைப்பிள்ளைக்காரி, இருமல்காரக் கிழவர், எல்லாரும் நனைந்துகொண்டே கோயிலுக்கு ஓடினோம். ஒரு மணி நேரம் நின்றோம். ஒன்றும் ஆகவில்லை.

என் மகள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்பா, நேத்து நான் தரைக்குச் சிவப்பு பாலிஷ் போட்டேனே, அதுனாலயா?"

கிளப்பில் ஊருக்கே புத்தி சொல்கிறவன் நான். பாலிஷ் தரையில் பளபளப்பான பந்தை வைத்திருக்கிறேன். பயம் வந்தால் படித்த ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

பக்கத்துக் காம்பராவில் நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு வாய் நீளம். அன்றிலிருந்து என்னைக் கண்டால், "பந்துச் சாமி, இன்னைக்குக் குறி என்ன சொல்லுது?" என்பாள். "எங்க வீட்டுச் சேவல் நேத்து சாஞ்சு நின்னுச்சு, ஓடலாமா அண்ணே?" என்பாள். லயமே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். ஆனால், அடுத்தமுறை நிஜமாக இருந்தால் யார் வருவார்கள்?

கிளப்பில் மறுபடி கேட்டு, கனத்த மழுங்கல் பந்து ஒன்றைக் கொண்டு வந்தேன். பாலிஷ் போட்டாலும் ஈரம் இருந்தாலும் அது ஏமாற்றாது.

கார்த்திகை மாதத்தில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை விளக்கேற்றிவிட்டுப் பந்தை வைத்தேன். அது அசையவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, வாசலுக்குப் போகாமல், பின்சுவர்ப் பக்கம், மலை இருக்கிற பக்கம் உருண்டு போய்ச் சுவரைத் தொட்டு நின்றது. வாசல் பக்கம் தாழ்ந்திருந்த தரை இப்போது மலைப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. இடத்தை மாற்றி வைத்தேன். அங்கேயே போனது. பளபளப்பான பந்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அதுவும் அங்கேயே போனது. மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து முருகன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

இந்தமுறை நான் கத்தவில்லை. கத்தினால் சிரிப்பார்கள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன்.

"வந்துட்டாரு பந்துச் சாமி" என்றாள் தங்கச்சி.

"தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்லல. ஒன் வீட்டுத் தரைக்குப் பாலிஷ் இல்ல. நீயே ஒன் கையால வச்சுப் பாரு."

"ஏண்ணே, ஒங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?"

"ஒரு தடவ வையி. அப்புறம் நான் இந்தப் பக்கமே வரல."

அவள் வீட்டில் சொரசொரப்பான தரை. லேசான பந்தென்றால் மாட்டிக்கொண்டு நின்றிருக்கும். கனத்த பந்து நிற்கவில்லை. வாசலைப் பார்த்து வைத்தவளின் கையைத் தாண்டி, அவள் முட்டியை உரசிக்கொண்டு மலைப்பக்கம் போனது. அவள் எழுந்து போய் எடுத்து வந்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் போனது.

"அண்ணே" என்றாள். பந்தை விட்டுவிட்டு எழுந்தாள்.

அதன் பிறகு கதவு தட்டினது நானல்ல, அவள். என் வார்த்தைக்கு இந்தமுறை வந்திருக்காத சனம் அவள் வாய்க்குப் பயந்து வந்தது. கிழவரை அவர் உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கிக்கொண்டு கீழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினோம். வழியெல்லாம் என் வாயில் முருகா என்ற ஒரு சொல்தான். கால் வைக்கிற இடமெல்லாம் நழுவுகிற மாதிரி இருந்தது. அது மழைச் சேறா, என் பயமா என்று தெரியவில்லை.

பின்நேரம் மழை சற்று விட்டபோது ஆபீஸ்காரர்களோடு போய்த் தூர நின்று பார்த்தேன். லயம் நின்றது. பின்னால் அந்தச் சந்து இல்லை. மலை வந்து சுவரில் சாய்ந்திருந்தது. அடுக்கிய விறகெல்லாம் எங்கள் அடுப்படிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தது. இனி இங்கே ஒருவரும் படுக்கக் கூடாது என்றார்கள். ஒரு உயிரும் போகவில்லை. அந்த வருடம் கதிர்காம முருகனிடம் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கீழே புது வீடு. மலை தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் மழை பிடித்தால் தங்கச்சி குடையோடு வந்து வாசலில் நிற்பாள். "பந்து என்னண்ணே சொல்லுது?" அவள் முகத்தில் சிரிப்பு இருப்பதில்லை.

இங்கே தரைக்கு டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். இதன் குணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பந்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஒன்று நிற்கிறது, ஒன்று லேசாக நகர்கிறது. எது மெய் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மழைக்காலமாவது போக வேண்டும். அதுவரை விளக்கேற்றியதும் தங்கச்சியிடம், "இன்னைக்கு நிக்குது, போ" என்று மட்டும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவள் போன பிறகு, இன்னும் ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன்.