சட்டை போட்ட முட்டைக்கு உப்பு

என் மகள் கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தபோது அதற்கு ஸ்காட்ச் எக் என்று பெயர். வேகவைத்த முட்டையைக் கொத்துக்கறிக்குள் பொதிந்து எண்ணெயில் பொரிப்பது. என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முட்டைக்கே சட்டை தச்சிட்டாளே எம் மவ" என்றார். தாராவியில் சட்டை தைக்கும் கார்கானா வைத்திருந்தவர் வேறென்ன சொல்வார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டை போட்ட முட்டை. ஒவ்வொரு ரமலான் நோன்புக்கும் அதைக் கேட்பார்.

நோன்பு என்னவோ அவருக்கு இல்லை. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதருக்கு அது பெரிய வெட்கம். திரைச்சீலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, திருடனைப் போல ரொட்டி தின்பார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் ஒரு வேலை கொடுத்தேன். பச்சைக் கறியில் உப்புப் பார்க்க முடியாது. துளி கிள்ளி எண்ணெயில் பொரித்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கோ நோன்பு. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனாலும் எனக்கு அது சரிப்படாது என்று சொல்லி அவரைக் கூப்பிடுவேன். ஊதி ஊதித் தின்றுவிட்டு, நான் எவ்வளவு போட்டிருந்தாலும், "லேசா கம்மி" என்பார். நான் வெறும் விரல்களைக் கறியின்மேல் உதறிவிட்டு உருட்டத் தொடங்குவேன். நோன்பு திறக்கும்போது, "இப்ப கரெக்டா இருக்கு" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார்.

அவர் மௌத்தானபோது நான் அழவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்த அன்று மகள் கேட்டே விட்டாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா உம்மா நீ? வாப்பா உனக்கு யாரோவா?"

அவள் முலுண்டில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஃபோனில், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதோடு சரி. இருக்கிற ஒரே மகளும் கை நழுவிப் போகிறாள் என்று தெரிந்தது. அதற்கும் மனம் பதறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் இல்லாத முதல் நோன்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்க வருவதாக மகளே சொன்னாள். மருமகன் காட்கோபரில் கடையைப் பூட்டிவிட்டு வருவாராம். நான் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அடுப்படிக்கு வந்தேன். வெந்த முட்டைகளை உரித்து, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தேன். ஈரமிருந்தால் எண்ணெயில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிடும். கொத்துக்கறியை இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், பொட்டுக்கடலை மாவோடு பிசைந்தேன். கை தன் பாட்டுக்குச் செய்தது. துளி கிள்ளி எண்ணெயில் போட்டதும், எடுத்துச் சின்னத் தட்டில் வைத்ததும் அந்தக் கைதான். தட்டோடு திரும்பிய பிறகுதான் கூப்பிட ஆளில்லை என்று உறைத்தது. இப்போதாவது அழுகை வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அடுப்பைத் தணித்தேன்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தத் துளிக் கறியை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டாள். அன்று அவளுக்கு நோன்பில்லை. பெண்களுக்கு மாதத்தில் வருகிற விலக்கு அது. யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. அவ்வளவு சின்னத் துண்டை ரொம்ப நேரம் மென்றாள்.

"லேசா கம்மி" என்றாள்.

அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் இந்த முறை விரலை உதறவில்லை. உப்பு டப்பாவைத் திறந்து நிஜமாகவே அள்ளிப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று முட்டைகளுக்குச் சட்டை போட்டாள். ரஸ்க் தூளில் புரட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகப் பொரித்தோம். அவள் அழுதுகொண்டே பொரித்தாள். எனக்கு அப்போதும் வரவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பாங்கு சொன்னதும் நானும் மருமகனும் பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்தோம். முட்டை வாயில் வைக்க முடியாத கரிப்பு. மருமகன் ஒரு வாய் தின்றுவிட்டு ரோஸ் சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தார். பாவம், மரியாதைக்கு அடுத்த வாயும் தின்றார். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தோம்.

தட்டு காலியானதும் அவள் சொன்னாள்.

"இப்ப கரெக்டா இருக்கு."