தேவசகாயத்தின் பொட்டாசியம்

புதுப்பட்டினத்தில் தேவசகாயத்தை வாழைப்பழத் திருடர் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அவர் யாருடைய தாரிலிருந்தும் பறித்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. தன் காசில் வாங்கி, தன் வாயில் போட்டுக்கொண்டார் என்பதுதான் வழக்கு. ஆனால் சிறுநீரகம் கைவிட்ட மனிதர் வாழைப்பழம் தின்பது சாதாரணக் குற்றமல்ல. அதைவிடச் சின்னக் காரியங்களுக்கே நாட்டில் விசாரணைக் கமிஷன் வைக்கிறார்கள்.

தேவசகாயம் மறைமலைநகரில் கார்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்பெனி பஸ்ஸில் போய் வந்த அத்தனை வருஷமும் ரத்தக் கொதிப்பு அவரோடு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்திருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அதுவும் தொந்தரவு செய்யாமல் இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்துவிட்டுத்தான் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுகிறார். அங்கே ஒரு இயந்திரம் அவருடைய ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திருப்பித் தருகிறது. துணி துவைக்கக் கொடுத்தால்கூட ஒன்றிரண்டு காணாமல் போகும், இது பரவாயில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

இயந்திரத்தோடு அவருக்குச் சண்டையில்லை. சண்டையெல்லாம் பொட்டாசியத்தோடுதான். உடம்புக்குள் வரும் பொட்டாசியத்தில் மிஞ்சியதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. அது வேலையை விட்டுப் போனால் பொட்டாசியம் ரத்தத்திலேயே குடியிருக்கும். கூட்டம் அதிகமானால் ஒருநாள் இதயத்தை நிறுத்திவிடும்.

இதில் ஆராயத்தக்க விஷயம் ஒன்று உண்டு. நோயாளிக்கு நல்லது என்று நம் ஜனங்கள் எதையெல்லாம் நினைக்கிறார்களோ, அதிலெல்லாம் பொட்டாசியம் குவிந்து கிடக்கிறது. இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம், கீரை சூப்பு. உடம்பு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது வேறு வழக்கம். ஆகவே தேவசகாயத்தின் சொந்தக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, கையில் பையோடு, கண்ணில் கண்ணீரோடு, அவரை அன்பாகக் கொல்ல வந்தார்கள். அவர் மனைவி சந்திரம்மா பைகளை வாசலில் வாங்கி, நன்றி சொல்லி, பின்வாசல் வழியாகப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினாள். அந்தத் தெருப் பிள்ளைகளின் பளபளப்புக்கு இன்றும் அதுதான் காரணம்.

சந்திரம்மா அணுமின் நிலையத்து ஊழியர்கள் குடியிருக்கும் பக்கத்து நகரியத்தில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கிறவள். கதிர்வீச்சு எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு எந்த விதத்திலும் குறையாத கண்டிப்போடு தன் சமையலறையை நடத்தினாள். காயைப் பொடிப்பொடியாக நறுக்கி ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுவாள். மறுபடி வேகவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டுவாள். அதற்குப் பிறகுதான் தாளிப்பு. காய்க்கு உயிர் போனால் பரவாயில்லை, மனுஷனுக்குத் தங்கினால் போதும் என்பது அவள் கொள்கை. அவர் நன்றாக இருக்கிறார் என்று டாக்டர் சொல்லும் மாதங்களில் அவள் நடையே வேறாக இருக்கும். கடவுள் பாதி, என் கை பாதி என்பாள். கடவுளின் பாதியை அவள் கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறாள் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும்.

இப்படிப்பட்ட வீட்டில் பொட்டாசியம் ஏறியது. பொங்கல் கழிந்த மாதம் ஏறியது, அடுத்த மாதம் இன்னும் ஏறியது. டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தேவசகாயத்தைப் பார்க்காமல் சந்திரம்மாவைப் பார்த்தார். எதையோ தின்கிறார், கண்டுபிடியுங்கள், இன்னொரு முறை இப்படி வந்தால் நெஞ்சு தாங்காது என்றார்.

அன்று தொடங்கியது விசாரணை. சட்டைப் பை, லுங்கி மடிப்பு, தலையணை உறை எல்லாம் சோதிக்கப்பட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வாயை ஊதிக் காட்ட வேண்டியிருந்தது. போலீஸ்காரர்கள் இரவில் சாராயத்துக்குச் செய்வதைச் சந்திரம்மா பகலில் வாழைப்பழத்துக்குச் செய்தாள். பஸ் நிலையத்துப் பழ வண்டிக்காரரிடம் தன் கணவரின் போட்டோவைக் காட்டி விசாரித்தாள். பாவம், எத்தனை நாளாகக் காணவில்லை என்று அவர் கேட்டார்.

"இன்னாதான் துன்ற நீ? சொல்லிடு. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"அந்தோணியார் சத்தியமா நீ போடுறதத் தவுர வேற எதுவும் துன்னல சந்திரா."

அந்த வாக்கியத்திலேயே விடையும் இருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது, அவர் உட்பட. நம்பாததற்குச் சந்திரம்மாவுக்கும் காரணம் இருந்தது. குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்த புதிதில், வாய் கொப்பளிக்கிறேன் என்று போய், கொப்பளித்ததைத் துப்பாமல் விழுங்கியவர் அவர். பழைய குற்றவாளியின் சத்தியத்துக்கு எந்தக் கோர்ட்டில் மதிப்பு?

மகள் பிரிசில்லா மட்டும் நம்பினாள். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அம்மாவோடு அவள் தினமும் வாதாடினாள். "நைனா தண்ணிக்குப் பொய் சொல்லும். வாயப்பயத்துக்குச் சொல்லாது" என்பது அவள் வாதம். வழக்கறிஞர்கள் கவனிக்க வேண்டிய வாதம்.

உண்மை செங்கல்பட்டில் வெளிப்பட்டது. தேவசகாயத்துக்குப் பக்கத்துப் படுக்கை ராஜாராம், திருப்போரூர்ப் பக்கத்து விவசாயி. அவருக்கும் பொட்டாசியம் ஏறியிருந்தது. நர்ஸ் சுஜாதா அவரிடம் வீட்டில் என்ன உப்பு என்று கேட்டாள். பி.பி.க்கு நல்லது என்று மருமகள் ஒரு உப்பு வாங்கி வந்தாள், விலைகூட ஜாஸ்தி என்றார் அவர் பெருமையாக.

"அத நிறுத்துங்க ஐயா. அதுல பாதி சோடியத்த எடுத்துட்டு பொட்டாசியத்த போட்டிருக்காங்க. மத்தவங்களுக்கு நல்லது. உங்களுக்கு விஷம்."

தேவசகாயத்தின் கையில் இயந்திரத்தின் ஊசிகள் இரண்டும் ஏறியிருந்தன. நகர முடியாது. நகர முடியாத மனிதனுக்கு ஒரு உண்மை கிடைத்தால் அவன் அதோடு படுத்துக்கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த உப்பு அவர் வீட்டிலும் இருந்தது. சந்திரம்மா வேலை செய்யும் வீட்டம்மா பி.பி.க்கு அதைத்தான் போடுகிறார் என்று கேட்டு, நகரியத்துக்காரர்கள் வாங்கும் பெரிய கடையில் அவளும் வாங்கினாள். மற்றவர்களுக்குக் கல் உப்பு. அவருக்கு மட்டும் தனி டப்பாவில் இந்த உப்பு. யாரையும் தொடவிட மாட்டாள். வாங்க ஆரம்பித்தது பொங்கலுக்கு.

இயந்திரம் கழுவி முடிக்கும்வரை அவர் யோசித்தார். சொல்லிவிடலாம். சொன்னால் உப்பு போய்விடும், கூடவே சந்திரம்மாவும் போய்விடுவாள். அவரைக் காப்பாற்றுவது தன் கை என்ற ஒரு நினைப்பில்தான் அவள் நடமாடுகிறாள். அந்தக் கையே இரண்டு மாதமாக அளந்து அளந்து விஷம் வைத்தது என்று தெரிந்தால் அவள் அடுப்புப் பக்கமே போகமாட்டாள். டாக்டர் வேண்டாமென்றார் என்று பொய் சொல்லவும் முடியாது. ஏன் என்று அடுத்த முறை டாக்டரையே கேட்டுவிடுவாள். உப்பு நிற்க வேண்டும். உப்பின் மேல் சந்தேகமும் வரக் கூடாது. இதற்கு ஒரு குற்றவாளி தேவை. தகுதியான ஆள் ஏற்கெனவே படுக்கையில் இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆமாம், பழம் தின்றேன், பஸ் நிலையத்தில், பல நாள் என்றார். மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஈஸ்டர்வரை உப்பே வேண்டாம் என்று தாமாகத் தண்டனையும் அறிவித்தார். குற்றமும் தீர்ப்பும் ஒரே வாயிலிருந்து வந்ததால் வழக்கு சீக்கிரம் முடிந்தது.

சந்திரம்மா அவரை அன்று திட்டிய திட்டு, கடற்காற்றையும் மீறி அடுத்த தெருவரை போனது. அதில் ஒரு நிம்மதி கலந்திருந்ததை அவர் மட்டும் கேட்டார். அவருக்காக வாதாடிய பிரிசில்லா அன்றிலிருந்து அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். இதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மறந்திருந்தார்.

அடுத்த காகிதத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. டாக்டர் சந்திரம்மாவைப் பாராட்டினார். பழ வண்டிக்காரர் சந்திரம்மாவுக்குப் பயந்து, தேவசகாயத்தைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தின்னாத பழத்தைத் தின்றதாகச் சொன்ன பாவத்தைத் தேவசகாயம் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். சாமியார் இரண்டு முறை திரும்பக் கேட்டார். தின்றாயா இல்லையா, தின்னவில்லை என்றால் தின்றேன் என்று ஏன் சொன்னாய் என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லும்படியும், வீட்டில் உண்மையைச் சொல்லிவிடும்படியும் கட்டளையிட்டார். மூன்று ஜெபத்தையும் அவர் உடனே நிறைவேற்றினார்.

ஈஸ்டர் வந்தது. பூசை முடிந்து வந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சந்திரம்மா அவருக்கென்று தனியாகக் கொஞ்சம் கோழி செய்திருந்தாள். அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துவந்து திறந்தாள். இத்தனை நாள் சப்பென்று தின்றது போதும், விரதம் முடிந்தது என்று ஒரு சிட்டிகை எடுத்தாள். அவள் முகம் அத்தனை சந்தோஷமாக இருந்தது.

தேவசகாயம் தட்டை இழுத்துக்கொண்டார்.

"அதாம்மே பொட்டாசியம். வாயப்பயம் இல்ல."

சந்திரம்மாவுக்குப் புரியவில்லை. அவர் நர்ஸ் சொன்னதைச் சொன்னார். பிரிசில்லா போனை எடுத்துத் தேடினாள். கிடைத்ததை அம்மாவிடம் நீட்டினாள். சந்திரம்மா விரல் நுனியில் இருந்த உப்பைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். சொன்னார். எத்தனை நாள் போட்டேன் என்று கேட்டாள்.

"நானா?" என்றாள். திட்டுக்குப் பேர்போன வீடு அது. அங்கே அப்படியொரு அமைதியைத் தேவசகாயம் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் தலை நிமிர்ந்தாள்.

"அப்போ பயம் துன்னவே இல்லியா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

மூன்று வருஷமாக அவர் வாழைப்பழத்தை உரித்துக்கூடப் பார்த்ததில்லை. சாமியாரின் கட்டளை வேறு இருந்தது. அவர் சந்திரம்மாவின் கையைப் பார்த்தார். அது இன்னும் உப்போடு அந்தரத்தில் நின்றது.

"ஒண்ணு துன்னேன்" என்றார்.

"எப்போ?"

"தை மாசம். பஸ் ஸ்டாண்டுல."

"இன்னா பயம்?"

"பூவன்."

சந்திரம்மாவின் முதுகு நிமிர்ந்தது. "எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு எழுந்தாள். பூவன் துன்னுகினு வந்து அந்தோணியார் மேல சத்தியம் பண்ண ஆள் நீ என்று ஆரம்பித்தாள். டப்பாவையும், அந்த உப்பு பட்டிருக்குமோ என்று அவர் தட்டையும் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தபோதும் நிறுத்தவில்லை. பிரிசில்லா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு கோழித் துண்டை அவருக்குக் கொடுக்க எடுக்கப்போய், அதில் கல் உப்பு இருக்கிறது என்று நினைவு வந்து, மறுபடி வைத்துவிட்டாள். "இரு நைனா, அம்மா வேற செய்யும்" என்றாள்.

உள்ளே சந்திரம்மா பூவன் பழத்தைத் திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.