பெரிய வெள்ளியில் ஏற்றிப்போன வேம்பு

மரம் இழுப்பது இருவர் செய்கிற வேலை. ஒருவர் உழவு மெசினில் இருக்க வேண்டும், மற்றவர் பின்னால் வந்து சங்கிலியைப் பார்க்க வேண்டும். இழுபடுகிற மரக்குற்றியின் முனை மண்ணில் குத்திக்கொண்டால் மெசினின் முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு அப்படியே மேலே கிளம்பும். பின்னால் வருபவர் கத்தினால்தான் ஓட்டுகிறவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்போது ஓட்டியது மகள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நானும் அவளும்தான். பள்ளிக்கூடத்தால் வந்த உடுப்போடே ஏறியிருந்து கிளச்சை மிதிப்பாள்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் பள்ளிமுனையில் ஒரு கடற்தொழில் செய்கிற பெடியனை மாதா கோயிலில் வைத்துக் கலியாணம் கட்டினாள். நாங்கள் சைவம், நான் போகவில்லை. “இனி என்ர படலையைத் திறக்க வேண்டாம்” என்று சொல்லியனுப்பினேன். அவள் திறக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதில் என்னை வெல்ல எங்கள் ஊரில் வேறு ஆளில்லை, அவள்தான். அதற்குப் பிறகும் வயலுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வந்தது, விதைத்தேன், வெட்டினேன், சமைத்ததைத் தனியே தின்றேன். சில நாளில் பின்னேரம்தான் யோசிப்பேன், இன்றைக்கு நான் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லையே என்று. பிறகு மெசினுக்கு இரண்டு ஏச்சுக் கொடுப்பேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிமுனை இருக்கிற தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் ஒருநாள் தராசைப் பிடித்தபடி சொன்னார்: “உங்கட மகள் வீடு கட்டிப்போட்டா. வாசலுக்குக் கதவில்லை. தகரத்தைத்தான் சாத்தி வைச்சிருக்கினம்.”

“அதை ஏன் எனக்குச் சொல்லுறீர்?”

“சும்மா சொன்னனான்” என்றார்.

மாரிக் காற்றில் சாய்ந்த வேம்பு ஒன்று வயல்கரையில் கிடந்தது. வேம்பைக் கறையான் தின்னாது. மீன்காரர் போனதும் நடந்து போய் அடிமரத்தை முழம் போட்டுப் பார்த்தேன். ஒரு கதவுக்கும் நிலைக்கும் தாராளமாகக் காணும். மரக்காலையில் கொடுத்துப் பலகையாக அரிந்து கொண்டுபோயிருக்கலாம்தான். ஆனால் அதற்கு வாசலின் அளவு தெரிய வேண்டும், அளவு கேட்க அவளோடு பேச வேண்டும். அதனால் குற்றியாகவே கொண்டுபோவது என்று முடிவு கட்டினேன். வாங்குவாளா, திருப்பி அனுப்புவாளா என்பதுதான் தெரியவில்லை.

வாள் மெசின்காரர் மூன்று துண்டாக அறுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு நான் தனியே. சங்கிலியைப் பூட்டுவேன், ஏறுவேன், பத்து யார் இழுப்பேன், இறங்கிப் பின்னால் ஓடிப் பார்ப்பேன், திரும்ப ஏறுவேன். அரை நாள் அப்படியே போனது. மெசின் இழுக்கிற பெட்டியைக் கழற்றி நிறுத்தி, அதில் ஏற்ற இரண்டு பனைமரத் துண்டுகளைச் சாய்வாக வைத்து, குற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு, அந்தக் கயிற்றைப் பெட்டிக்கு மேலாக எடுத்து மறுபக்கம் நிற்கிற மெசினில் கட்டி இழுத்தேன். உருண்டு ஏறியது. ‘நிப்பாட்டுங்கோ’ என்று சொல்லத்தான் ஆளில்லை. முதல் குற்றி பெட்டியைத் தாண்டி மறுபக்கம் தொப்பென்று விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வேப்பங்குற்றிக்காக வயலுக்குள் நின்று அழுதேன். ஒருவரும் பார்க்கவில்லை, அதுவும் ஒரு குறைதான்.

நாள் செய்வது நல்லார் செய்யார் என்பார்கள். மூன்றையும் ஒருபடியாக ஏற்றி முடித்த பிறகு கலண்டரைப் பார்த்தேன். அடுத்த வெள்ளி நல்ல நாள், காலையில் ராகுகாலத்துக்கு முன் நல்ல நேரம். அன்றைக்குச் சிவப்பு எழுத்தில் விடுமுறை என்றும் போட்டிருந்தது. இன்னும் நல்லது, மருமகன் வீட்டில் நிற்பார், வீதியிலும் வாகனம் குறைவு என்று நினைத்தேன். குளித்து, திருநீறு பூசி, மெசினை எடுத்தேன். பாலத்தில் காற்று அடித்த அடியில் தலைத்துண்டு இரண்டு முறை பறந்தது.

பள்ளிமுனைக்குள் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. படகெல்லாம் கரையில் கிடந்தது. என் மெசின் மட்டும் ‘தட தட’ என்று போனது. ஒரு வளைவில் ஒருவர் ஓடிவந்து கையைக் காட்டினார். “ஐயா, மெசினை நிப்பாட்டுங்கோ. இண்டைக்குப் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை வருது.” நிறுத்தினேன். மரச்சிலுவையை முன்னால் சுமந்துகொண்டு சனம் முழுக்கச் செபம் சொல்லியபடி வந்தது. யேசு செத்த நாளில் அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை, ஆணி அடிப்பதில்லை, மரத்தில் உளி வைப்பதில்லை. நான் ஒரு பெட்டி மரத்தோடு வந்து நடுவீதியில் நிற்கிறேன். செத்தவீட்டுக்குள் மேளத்தோடு நுழைந்தவனைப்போல இருந்தது.

கூட்டத்தின் நடுவில் அவள் வந்தாள். இடுப்பில் நான் கண்டிராத ஒரு குழந்தை. என்னைக் கண்டாள், பெட்டியைக் கண்டாள், நிற்காமல் போய்விட்டாள். சரி, முடிந்தது என்று மெசினைக் கிளப்பத் திறப்பில் கை வைத்தேன். மெசினைத் திருப்ப அந்த ஒழுங்கையில் இடமில்லை. அதனால்தான் நின்றேன், பொறுமையால் இல்லை.

செபம் முடிந்து அவள் திரும்பி வந்தாள்.

“இண்டைக்கு ஏனப்பா?”

“நல்ல நாள் பாத்துத்தான் வந்தனான். கதவுக்கு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. “இண்டைக்கு ஒருத்தரும் மரத்தில கை வைக்க மாட்டினம். பெட்டியை வாசல்ல விட்டிட்டுப் போங்கோ. திங்கக்கிழமை வாங்கோ, இவரும் நிப்பார், இறக்குவம்.”

கறுப்புச் சீலை உடுத்த ஒரு பெண் எங்களைக் கடந்து போனவர், என் புழுதிக் காலையும் பெட்டியையும் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்: “பிள்ளை, இது ஆர், விறகுக்காரரோ?”

“இல்லை அன்ரி. என்ர அப்பா.”

யோசிக்காமல் சொன்னாள். ஊரில் புதிதாக யாராவது வந்து பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், ஆறு வருஷமாக ‘ஒருவரும் இல்லை’ என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.